‘-றோம்’ என்று முடிகிற வினைகள்

1. செவ்வாய்க்கிழமை காலை, அவள் போவதற்கு முன் எழுதி வைத்துவிட்டுப் போன பேச்சு வழக்கு விதிகளின் கடைசிப் பகுதியை நிரலில் சேர்த்தேன்.

2. கம்பைல் ஆகவில்லை, அதாவது நிரலைக் கணினி ஏற்கவில்லை. ‘கோட் டூ லார்ஜ்’, நிரல் அளவுக்கு மீறிப் பெரிது என்று ஒரே வரியில் பதில் வந்தது.

3. கடைசி விதியை மட்டும் எடுத்துப் பார்த்தேன். ஆனது. திரும்ப வைத்தேன். ஆகவில்லை.

4. சென்னையில் இருக்கும் டீம் லீடுக்குச் சொன்னேன். பேச்சு வழக்கு மொத்தத்தையும் எடுத்துவிடச் சொன்னார்.

5. வெள்ளிக்கிழமை மதியம் வரை நேரம் கேட்டேன். கொடுத்தார்.

6. மொட்டை மாடிக்குப் போய்க் கொடியில் இருந்த துணியை எடுத்து வந்தேன். மழை வரும்போல் இருந்தது. வரவில்லை.

அந்த வாரம் நடந்தது இவ்வளவுதான் என்று சொல்லிவிடலாம். ஆனால் முதலாவதுக்கு முன்னும் ஐந்தாவதுக்குப் பின்னும் கொஞ்சம் சொல்ல இருக்கிறது.

நான் வேலை செய்வது சென்னையில் உள்ள ஒரு சிறிய நிறுவனத்துக்கு. இருப்பது திருவண்ணாமலையில், செங்கம் சாலையை ஒட்டிய ஒரு தெருவில், ஒரு வீட்டின் மேல் போர்ஷனில். என் அப்பா அம்மா இருக்கும் ஊர் இங்கிருந்து பஸ்ஸில் போய் வரும் தூரம்தான். அங்கே நெட்வொர்க் நிற்காது. அதனால் படிப்பு முடிந்ததும் இங்கே அறை பார்த்தேன். இரண்டு பேருக்கான போர்ஷன் அது. இரண்டாவது ஆள் அவள்.

அவளுக்கு ஆரணி. தமிழ் படித்துவிட்டு அதன் மேல் மொழியியலும் படித்தவள். எங்கள் நிறுவனம் செய்வது விவசாயிகளுக்கான ஒரு சேவை. அவர்கள் போனில் ஒரு கேள்வியை எழுதி அனுப்பினால், அது எந்தப் பயிரைப் பற்றியது, யார் என்ன செய்தார்கள், என்ன ஆயிற்று என்று பிரித்து, பதில் சொல்லக்கூடிய ஆளுக்கு எங்கள் நிரல் அனுப்பும். யாரும் புத்தகத் தமிழில் எழுதுவதில்லை. ‘தண்ணீர் பாய்ச்சிவிட்டோம்’ என்று எழுதுகிற விவசாயியை நான் பார்த்ததில்லை. ‘தண்ணி வுட்டுட்டோம்’ என்றுதான் வரும். ஆகவே ஒவ்வொரு வினைச்சொல்லும் பேச்சில் என்னென்ன உருவம் எடுக்கும் என்பதற்கு விதி வேண்டும். விதிகளை அவள் எழுதினாள். விதிகளை ஜாவா என்ற கணினி மொழிக்கு மாற்றும் நிரலை நான் எழுதினேன்.

வேலை நடந்த விதம் இப்படி. ஒரே மேஜையின் இரண்டு பக்கம் உட்கார்ந்திருப்போம். அவள் ஒரு விதி எழுதுவாள். ஒவ்வொரு விதிக்கும் ஓர் உதாரண வாக்கியம் வேண்டும். நிரல் சரியாக ஓடுகிறதா என்று அதை வைத்துத்தான் சோதிப்பேன். உதாரணத்துக்கு அவள் வெளியே எங்கும் போகமாட்டாள். அறைக்குள் நடப்பதே போதும்.

“ஏய், பால் பொங்கிடுச்சி!”

“ஐயோ, அடுப்ப நிறுத்துடி!”

“இரு, இரு. ‘பொங்கிடுச்சி’. அது இன்னும் நம்மகிட்ட இல்ல.”

அடுப்பை நான்தான் ஓடிப்போய் நிறுத்துவேன். அவள் தட்டச்சு செய்துகொண்டிருப்பாள். இப்படியே ‘சட்டினி கெட்டுப்போச்சி’, ‘இவ இன்னிக்கும் குளிக்கல’, ‘வீட்டுக்கார ஆன்ட்டி மேல ஏறி வர்றாங்க’ என்று எங்கள் இரண்டு பேரின் வாழ்க்கையும் உதாரணமாக உள்ளே போய்விட்டது. குளிக்காதவள் நான் என்று அவள் சொல்வாள். அது பொய்.

அவளுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. கணவர் போலந்தில் வேலை செய்தார். விசா வரும் வரை வேலையும் செய்யலாம், தனியாகவும் இருக்க வேண்டாம் என்றுதான் என்னோடு இருந்தாள். எனக்கு இது முதல் நாளே தெரியும். தெரிந்த விஷயம் நாளடைவில் ஒரு மூலைக்குப் போய்விடும், அலமாரிக்கு மேலே வைத்த சூட்கேஸ் மாதிரி.

கார்த்திகை தீபத்துக்கு ஊரில் கூட்டம் தாங்காது. தீபம் முடிந்ததும் இரண்டு பேரும் எங்கேயாவது கடல் பார்க்கப் போய்விட்டு வரவேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தோம். ஒரு நாள் மாடியில் துணி காயப்போடும்போது, வாயில் கிளிப்பை வைத்துக்கொண்டு அவள் சொன்னாள்:

“தீபம் முடிஞ்சதும் கிளம்பறோம்.”

“சரி. நான் இப்பவே லீவு சொல்லிடறேன். பாண்டியா, மரக்காணமா?”

அவள் வாயிலிருந்து கிளிப்பை எடுத்தாள்.

“இல்லடி. நாங்க. அவர் வந்து கூட்டிட்டுப் போறார். விசா வந்துடுச்சி.”

நான் ஈரத் துணியை உதறிக்கொண்டிருந்தேன். இன்னும் கொஞ்சம் உதறினேன்.

தமிழ் வினைச்சொல் யார் செய்தது என்பதைத் தன் கடைசியில் வைத்திருக்கிறது. வந்தேன் என்றால் நான். வந்தான் என்றால் அவன். தனியாக ‘நான்’, ‘அவன்’ என்று சொல்லத் தேவையே இல்லை, யாரும் சொல்வதும் இல்லை. ஆனால் ‘-ஓம்’ மட்டும் அப்படி இல்லை. கேட்கிறவரையும் சேர்த்துக்கொள்ளும் ‘நாம’வுக்கும் அதுதான். கேட்கிறவரை வெளியே நிறுத்தும் ‘நாங்க’வுக்கும் அதுதான். கிளம்பறோம். யார் என்று வினை சொல்லாது.

கொஞ்ச நேரம் கழித்து அவளே சிரித்தாள். “நல்ல உதாரணம்டி இது. போட்டுக்கலாம் வா.”

கீழே வந்து போட்டுக்கொண்டோம். விதிக்குப் பக்கத்தில் அவள் எழுதிய குறிப்பு: ‘கிளம்பறோம். நாமா, நாங்களா? முடிவு பண்ண முடியாது. ரெண்டையும் அனுப்பு.’ நானும் சிரித்தேன். அது உண்மையிலேயே நல்ல உதாரணம்.

தீபம் முடிந்து அவள் போனாள். போகும்போது, இன்னும் சேர்க்காத விதிகளை ஒரு கோப்பில் வைத்துவிட்டுப் போனாள். மற்ற வேலைகள் வந்ததால் அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சேர்க்க முடிந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை சேர்த்தது கடைசிப் பகுதி.

இனி கம்பைல் ஆகாத கதை. ஜாவாவில் மெத்தட் என்பது ஒரு வேலைக்கான கட்டளைகளின் தொகுப்பு. ஒரு மெத்தடுக்குள் எவ்வளவு கட்டளை வைக்கலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. அறுபத்து நாலு கேபி. மனிதர்கள் கையால் எழுதினால் அதைத் தொடவே மாட்டார்கள். அவ்வளவு நீளமாக எழுத யாருக்கும் பொறுமை கிடையாது. ஆனால் நிரலே நிரல் எழுதினால் அதற்கு அலுப்பு தெரியாது. என் நிரல் அவளுடைய ஒவ்வொரு விதியையும் ஓர் ‘இஃப்’ ஆக்கி, ஒன்றன் கீழ் ஒன்றாக, எல்லாவற்றையும் ஒரே மெத்தடுக்குள் எழுதிக்கொண்டே போனது. ஆரம்பத்தில் விதிகள் கம்மி. அப்போது அது சுலபமான வழியாக இருந்தது. விதிகளைக் கட்டளைகளாக எழுதாமல் வெறும் தரவாக வைத்திருந்தால் இந்தத் தொல்லை வந்திருக்காது. ஆனால் இப்போது அப்படி மாற்றுவது மாதக்கணக்கில் ஆகும் வேலை. எனக்கு வெள்ளிக்கிழமை வரைதான் இருந்தது.

லீட் நல்ல மனிதர். குரலை உயர்த்தமாட்டார். அதுதான் கஷ்டம்.

“இல்லம்மா, யோசிச்சுப் பாருங்க. இன்னிக்கு ஒரு விதிய எடுத்து சமாளிச்சிடுவீங்க. அடுத்த மாசம் இன்னும் நாலு சேரும். திரும்பவும் இதே எரர். பேச்சு வழக்கே வேணாம். எழுத்து நடை மட்டும் இருக்கட்டும். சுத்தமா இருக்கும்.”

“சார், யாரும் எழுத்து நடையில அனுப்பறது இல்ல.”

“பழகிப்பாங்கம்மா.”

“எனக்கு வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க. உடைச்சுப் பார்க்கறேன்.”

“வெள்ளிக்கிழமை உங்க ஊர்ல பௌர்ணமி ஆச்சே. நெட்வொர்க் இருக்குமா?”

“மதியத்துக்குள்ள முடிச்சிடறேன்.”

“மதியம் வரைக்கும்தான். இல்லன்னா எடுத்துட்டு ரிலீஸ் பண்ணிடுங்க.”

எடுப்பதென்றால் ஒரே கட்டளை. அடித்தால் அவள் எழுதியதெல்லாம் போய்விடும். பொங்கின பாலும் கெட்டுப்போன சட்டினியும் உட்பட.

முதலில் நான் செய்த பிரிவு தவறானது. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த யாரும் செய்யக்கூடியது. பெரிய ஒன்றைத் துண்டாக்க வேண்டும் என்றதும் கை தானாக அ, ஆ, இ, ஈ என்று போயிற்று. அதற்கப்புறம் க, ங, ச, ஞ. சொல்லின் முதல் எழுத்தைப் பார்த்து, எழுத்துக்கு ஒரு மெத்தட் என்று பிரித்தேன். புதன்கிழமை காலை முழுதும் அதற்குப் போயிற்று. ஓட்டினேன். ‘கோட் டூ லார்ஜ்’. இந்தத் தடவை ‘க’வுக்கு. ‘வ’வுக்கும். ஒவ்வொரு வினைக்கும் அதே விதிகளைத் திரும்பத் திரும்ப எழுதியதில் நிரல் முன்பைவிடப் பல மடங்கு பெருத்திருந்தது.

மற்றவற்றைத் திறந்து பார்த்தேன். ங காலி. ட காலி. ண, ழ, ள, ற, ன எல்லாம் காலி. ‘ர’வில் ‘ரசி’ மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தது. ‘ய’வில் ‘யோசி’. பெரிய மெத்தட் ஒன்றில் இடமில்லை என்று வெளியே வந்து, ஆளே இல்லாத அறைகளை வரிசையாகக் கட்டி வைத்திருந்தேன்.

போலந்தில் அப்போது காலை. அவளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். பின்னால் தட்டு வைக்கும் சத்தம் கேட்டது.

“என்ன பண்ண? அகர வரிசையிலயா பிரிச்ச?”

“ஆமா.”

“ஏய், ‘ங’ல ஆரம்பிக்கற வினை ஒண்ணு சொல்லு, கேக்கறேன்.” நன்றாகச் சிரித்தாள். “நான் பக்கத்துல இருந்திருந்தா உன் கையிலயே அடிச்சிருப்பேன்.”

“இல்லயே.”

அவளுக்கு அது கேட்கவில்லை என்று நினைக்கிறேன். யாரிடமோ ‘மூடி அந்த டப்பால இருக்கு’ என்றாள். பிறகு என்னிடம் வந்தாள்.

“இப்ப இதுக்கு என்ன அவசரம்?”

“வெள்ளிக்கிழமைக்குள்ள முடிக்கலன்னா பேச்சு வழக்க மொத்தமா எடுக்கச் சொல்றாங்க. நீ எழுதினது எல்லாம் போயிடும்.”

“அட, தூக்கிடுடி. அதுக்குப் போய் ஏன் கஷ்டப்படறே? நான் அங்க இருந்தப்ப ஏதோ எழுதினேன். நீ ஒழுங்கா சாப்பிடறியா?”

“சாப்பிடறேன்.”

“சரி, அப்புறம் பேசறேன்.”

அவள் அன்பாகத்தான் சொன்னாள். போனை வைத்த பிறகு அந்த ஒரு வார்த்தையை ஒரு விதி போல எடுத்து வைத்துப் பார்த்தேன். தூக்கிடுடி. யார் செய்ய வேண்டும்: நீ. எதை: அதை. வேறொன்றும் அதில் இல்லை. நான் யாருக்காகக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேனோ அவளுக்கே அது தேவைப்படவில்லை.

அன்று மதியம் எதுவும் செய்யவில்லை. மலையைப் பார்த்த ஜன்னல் ஒன்று அந்த அறையில் இருக்கிறது. வாடகை கேட்கும்போது அதைக் காட்டித்தான் கேட்டார்கள். அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எடுத்துவிட்டால் என்ன என்று தோன்றியது. எடுத்துவிட்டால் ஒரு வேலை முடிந்தது. கம்பைல் ஆகும். லீட் நன்றி சொல்வார்.

அப்போது வீட்டுக்கார ஆன்ட்டி மேலே ஏறி வந்தார். ‘வீட்டுக்கார ஆன்ட்டி மேல ஏறி வர்றாங்க’ என்ற வாக்கியம் நிரலுக்குள் இருப்பது அவருக்குத் தெரியாது. கையில் போன்.

“இன்னாம்மா, உன் கம்ப்யூட்டருக்குத் தமிழ் வராதா?”

அவருடைய தம்பி மலைக்கு அந்தப் பக்கம், அடி அண்ணாமலையில் கத்திரி போட்டிருக்கிறார். சோதனைக்காக நாங்கள் கொடுத்திருந்த எண்ணுக்கு, தம்பிக்காக ஆன்ட்டிதான் எழுதி அனுப்புவார். நீட்டினார். ‘கத்திரிக்கு மருந்து அடிச்சோம் பூச்சி போவல இன்னா பண்றது’ என்று எழுதியிருந்தார். கீழே எங்கள் பதில்: ‘மன்னிக்கவும். புரியவில்லை.’

“இது இன்னா, புரியாம போறதுக்கு? குழந்த கூட சொல்லும்.”

“இன்னும் முழுசா சேர்க்கல ஆன்ட்டி. ‘போவல’ இன்னும் உள்ள போவல.”

சொன்ன பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது. ஆன்ட்டி சிரித்துவிட்டார்.

“நீயே அப்படித்தான் பேசற. அதுக்குச் சொல்லிக் குடுத்தா இன்னா?”

“பார்க்கறேன் ஆன்ட்டி.”

“பாரு பாரு. பூச்சி அதுக்குள்ள எல்லாத்தையும் தின்னுடும்.” இரண்டு படி இறங்கித் திரும்பினார். “சாப்பிட்டியா நீ? ஒரு சத்தமும் இல்ல மேல. அந்தப் பொண்ணு இருந்தப்ப கலகலன்னு இருக்கும்.”

“சாப்பிட்டேன் ஆன்ட்டி.”

எடுக்கக் கூடாது என்று அப்போது முடிவு செய்தேன். அவளுக்காக என்று இனி சொல்லிக்கொள்ள முடியாது. ‘போவல’ என்று எழுதுகிறவர்களுக்காக என்று வைத்துக்கொள்ளலாம். அதில் நானும் ஒருத்தி.

வழி வியாழக்கிழமை காலை கிடைத்தது. அதுவும் ஆன்ட்டியால்தான், ஆனால் அவர் எதையும் சொல்லவில்லை. கீழே தண்ணீர் மோட்டார் போட்டிருந்தார். மோட்டார் ஓடும்போது அவருக்கு போன் வரும், அது எழுதப்படாத சட்டம். அவர் கத்திப் பேசுவார். மேலே எனக்கு எல்லா வாக்கியத்தின் முன்பாதியும் மோட்டாரில் போய்விடும். கடைசியை மட்டும் அவர் இழுப்பார், அது மேலே வரும். “…ட்டாஆன்.” “…ட்டாங்களாம்.” “…றேன்னு சொன்னேன்.” “…டுச்சி, …டுச்சி.” என்ன விஷயம் என்று ஒன்றும் தெரியவில்லை. ஆனால் யாரோ ஒருத்தன் ஏதோ செய்துவிட்டான், மரியாதைக்குரியவர்களும் ஏதோ செய்துவிட்டார்களாம், ஆன்ட்டி பதில் சொன்னார், கடைசியில் ஒரு பொருளுக்கு ஏதோ ஆகிவிட்டது, இவ்வளவும் தெளிவாகத் தெரிந்தது.

டீயை அப்படியே வைத்துவிட்டு மேஜைக்குப் போனேன்.

தலையில் பிரிக்கக் கூடாது. வாலில் பிரிக்க வேண்டும். ‘-ஏன்’ என்று முடிவதற்கு ஒரு மெத்தட். ‘-ஆன்’ என்று முடிவதற்கு ஒன்று. ‘-ஆங்க’, ‘-ஈங்க’, ‘-ஓம்’, ‘-உச்சி’, ஒவ்வொன்றுக்கும் ஒன்று. ‘போவல’ மாதிரி யார் என்று சொல்லாதவற்றுக்குத் தனியாக ஒன்று. அவளுடைய விதிகளே அந்த வரிசையில்தான் யோசிக்கப்பட்டிருந்தன. நான்தான் அவற்றை ஒரே மூட்டையாகக் கட்டியிருந்தேன்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரே மெத்தடுக்குள் இருக்கும் வரை, மேலே கண்டுபிடித்ததைக் கீழே இருக்கும் வரி எடுத்துக்கொள்ளும். வினையின் வேர் இது, காலம் இது என்று ஒரு தடவை பெயர் வைத்துவிட்டால் போதும். துண்டாக்கிய உடனே அந்தப் பெயர்கள் வெளியே தெரியாது. ஒரு மெத்தடுக்குள் வைத்த பெயர் அந்த மெத்தடோடு முடிந்துபோகும். பக்கத்து மெத்தடுக்கு அது யாரென்றே தெரியாது. அதனால் எல்லோருக்கும் பொதுவாக ஒரு பையைக் கொடுத்து அனுப்ப வேண்டும். நீ கண்டுபிடித்ததை இதில் போடு, அடுத்தவர் எடுத்துக்கொள்வார் என்று. அதற்கு ‘பை’ என்றே பெயர் வைத்தேன். அவள் இருந்திருந்தால் இன்னும் நல்ல பெயர் வைத்திருப்பாள்.

சாயங்காலம் கம்பைல் செய்தேன். ஒரே ஓர் எரர். பையில் போடுவதும் எடுப்பதுமாகக் கட்டளைகள் பல மடங்கு பெருகியதில், ‘ஆங்க’ மட்டும் இன்னும் எல்லையைத் தாண்டியது. எங்கள் பக்கத்தில் மரியாதை ஜாஸ்தி. அதைக் காலத்தை வைத்து மூன்றாகப் பிரித்தேன். மறுபடியும் ஓட்டினேன். கம்பைல் ஆனது. திரையில் ஒன்றும் வரவில்லை. நிரல் சரியாக இருந்தால் கம்பைலர் பேசாது. தவறு செய்தால்தான் அதன் குரலைக் கேட்கலாம். ஒன்றும் சொல்லாத அந்தத் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்வதற்குப் பக்கத்தில் யாரும் இல்லை. எழுந்து போய் ஆறிப்போன காலை டீயைக் கொட்டினேன்.

வெள்ளிக்கிழமை காலை எழுந்தபோதே தெருவில் கூட்டம் தொடங்கியிருந்தது. பௌர்ணமியன்று மதியத்துக்கு மேல் இங்கே எந்த போனும் ஒழுங்காக வேலை செய்யாது. மலையைச் சுற்ற வருகிறவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வீட்டுக்குப் பேசுவார்கள். அதற்குள் சோதனைகளை ஓட்டிவிட்டு அனுப்ப வேண்டும்.

உதாரண வாக்கியங்கள் ஒவ்வொன்றாக ஓடின. பொங்கிடுச்சி, சரி. கெட்டுப்போச்சி, சரி. குளிக்கல, சரி. எல்லாம் பச்சையாக வந்துகொண்டே இருந்தது. ஒன்று மட்டும் சிவப்பு.

கிளம்பறோம்.

ஏன் என்று பார்க்க அதிக நேரம் ஆகவில்லை. பையில் ‘யார்’ என்பதற்கு ஓர் இடம்தான் வைத்திருந்தேன். மற்ற எல்லா வினைக்கும் ஒருவர் போதும். இதற்கு இரண்டு பதில் வேண்டும். முதலில் ‘நாம்’ என்று போட்டது, அதன் மேலேயே ‘நாங்கள்’ என்று போட்டது, முதலாவது அழிந்துவிட்டது. அவள் குறிப்பு அப்படியே இருந்தது. ‘ரெண்டையும் அனுப்பு.’

நேரம் குறைவாக இருந்தது. சோதனையை நீக்கிவிட்டு ‘நாங்கள்’ மட்டும் போதும் என்று விட்டிருக்கலாம். விட்டிருந்தால் தவறும் இல்லை. ஒரு விவசாயி எங்கள் நிறுவனத்துக்கு ‘மருந்து அடிச்சோம்’ என்று எழுதும்போது, நிறுவனத்தையும் சேர்த்துச் சொல்வதில்லை. அவரும் அவர் வீட்டாரும்தான். வெளியிலிருந்து கேட்கிறவளுக்கு ‘-ஓம்’ என்பது பெரும்பாலும் ‘நாங்க’தான்.

பையில் ‘யார்’ என்பதைப் பட்டியலாக மாற்றினேன். இரண்டையும் வைத்தேன். வரிசையை மட்டும் மாற்றினேன். முன்பு ‘நாம்’ முதலில் இருந்தது. இப்போது ‘நாங்கள்’ முதலில், ‘நாம்’ இரண்டாவது. அதுதான் சரி. சிவப்பு பச்சையானது.

அனுப்பினேன். பாதியில் நின்றது. லேப்டாப்பையும் போனையும் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நெட்வொர்க் கிடைத்தது. போய்ச் சேர்ந்தது. லீட் கூப்பிட்டார்.

“வந்துடுச்சும்மா. பேச்சு வழக்கோடவா?”

“எல்லாம் உள்ள இருக்கு சார். இனிமே விதி சேர்ந்தாலும் பிரிஞ்சிக்கும்.”

“முன்ன விட வேகமா ஓடற மாதிரி இருக்கே?”

“ரொம்பப் பெரிய மெத்தடா இருந்தா ஜாவா அத வேகப்படுத்தாது சார். இப்ப எல்லாம் சின்னச் சின்னதா இருக்கு.”

“நல்லதா போச்சு. ரெஸ்ட் எடுங்க.”

அவளுக்கு ‘பிரிச்சிட்டேன். எல்லாம் இருக்கு’ என்று எழுதினேன். கொஞ்ச நேரத்தில் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வந்தது.

ஆன்ட்டியிடம் பழைய கேள்வியை மறுபடி அனுப்பச் சொன்னேன். வாசலில் நின்று, கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு அனுப்பினார். ‘உங்கள் கேள்வி பயிர்ப் பாதுகாப்பு அலுவலருக்கு அனுப்பப்பட்டது’ என்று பதில் வந்தது. இரண்டு தடவை படித்தார்.

“அப்பாடி. இப்பதான் தமிழ் கத்துக்கிச்சா?”

“இப்பதான் ஆன்ட்டி.”

“பூச்சிக்கு இன்னா பண்ணணும்னு சொல்லலியே?”

“அவர் கூப்பிடுவார் ஆன்ட்டி. ரெண்டு நாள்ல.”

“ரெண்டு நாளா!” என்று கையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்.

சாயங்காலம் மாடியில் இருந்தேன். தெருவில் ஆட்கள் செருப்பில்லாமல் கூட்டம் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். கீழே மோட்டார் ஓடியது. ஆன்ட்டி படிக்கட்டின் அடியில் நின்று மேலே பார்த்து ஏதோ கத்தினார். நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக் குனிந்தேன். புதுப் புடவை கட்டியிருந்தார். முன்பாதி மோட்டாரில் போய்விட்டது. வால் மட்டும் மேலே வந்தது.

“…சுத்தப் போறோம்!”

அவர் வீட்டுக்காரர் வாசலில் தண்ணீர்ப் பாட்டிலோடு நின்றிருந்தார். ஆன்ட்டி இன்னும் மேலே பார்த்துக்கொண்டுதான் இருந்தார். நாங்களா, நாமா என்று நான் கேட்கவில்லை.

“பத்திரமா போயிட்டு வாங்க ஆன்ட்டி,” என்றேன்.

அவர் ஒரு நிமிடம் நின்றார். பிறகு மோட்டாரை நிறுத்திவிட்டு, கேட்டைச் சாத்திவிட்டு, இரண்டு பேருமாகக் கூட்டத்தோடு போனார்கள்.

இப்போதைய நிலைமை இது. நிரல் கம்பைல் ஆகிறது. பேச்சு வழக்கு விதிகள் முழுதும் உள்ளே இருக்கின்றன. ‘-ஓம்’ என்று முடிகிறவற்றுக்கு ‘நாங்கள்’ முதலிலும் ‘நாம்’ அடுத்ததாகவும் போகின்றன. அடி அண்ணாமலையில் பூச்சி இன்னும் போகவில்லை. மேல் போர்ஷனில் நான் ஒருத்தி இருக்கிறேன். மேஜையின் மறுபக்கம் காலியாக இருக்கிறது.